செம்மண் திருப்பத்தில் காக்கு

அன்று காலை பத்தரை மணிக்கு, மலைச் சாலையில் வண்டி எதுவும் இல்லை என்று ரேடியோவில் சொன்னவன் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் வேறு யாராவது சொல்லி நீங்கள் கேட்கவேண்டாம்.

எனக்குப் பனி தள்ளும் லாரி ஓட்டுகிற வேலை. லேண்டரிலிருந்து மலை ஏறி அந்தப் பக்கம் இறங்கும் சாலை என் பொறுப்பு. காற்று ஓங்கினால் இரண்டு முனையிலும் கேட்டை இறக்கிச் சாலையை மூடுவார்கள். மூடுவதற்கு முன்னால் ஒருவன் கடைசியாக ஒருமுறை ஓட்டிப் பார்த்து, யாரும் மாட்டிக்கொள்ளவில்லை என்று சொல்லவேண்டும். ஜனவரி மாதத்து அந்தச் செவ்வாய்க்கிழமை அந்த ஒருவன் நான். லாரியின் முன் தகடுகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. இருந்தாலும் பார்த்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, "ஒண்ணும் இல்ல, மூடிக்கோ" என்றேன்.

கீழே வந்தால் மேஸ்திரி ரஸ் ஷெட் வாசலிலேயே நிற்கிறான்.

"டெல்பர்ட், சாவியைக் குடுத்துட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடு. உன் பெரியம்மா வீட்ல விழுந்து கிடந்தாங்களாம். பக்கத்து வீட்டுக்காரங்க ஒன்பது மணிக்குத்தான் பார்த்திருக்காங்க."

அல்மீடா பெரியம்மா என் அம்மாவின் அக்கா. எங்கள் ஊர் ஃபோர்ட் வாஷக்கியில் அவளைத் தெரியாதவர்கள் கிடையாது, ஏனென்றால் எல்லாரும் அவளிடம் திட்டு வாங்கியவர்கள். முப்பத்தோரு வருஷம் எங்கள் பள்ளிக்கூடத்தில் படம் வரையவும் எங்கள் பழங்குடி மொழியான ஷோஷோனி பேசவும் சொல்லிக்கொடுத்தாள். பள்ளி திறக்கும் முதல் நாள் ஒரு கத்தியோடு உட்கார்ந்து, எல்லாப் பென்சிலின் பின்பக்கத்து ரப்பரையும் வெட்டி எறிந்துவிடுவாள். "தப்பாப் போட்டா அதையும் கூட்டிக்கிட்டுப் போங்கடா. எங்க போய் முடியுதுன்னு பாக்கலாம்" என்பாள். நானும் ஒன்பதாவது வரை அவளிடம் படித்தவன். படித்தவன் என்பது பெரிய வார்த்தை. உட்கார்ந்திருந்தவன். குதிரைக்கு முதலில் குளம்பைப் போடு என்பாள். எனக்குக் குளம்பு வராது. அதனால் குதிரையை எப்போதும் முழங்கால் உயரப் புல்லில் நிறுத்திவிடுவேன். ஒரு நாள் என் தாளை வகுப்புக்கே தூக்கிக் காட்டினாள்.

"டெல்பர்ட்டோட குதிரைங்க எல்லாம் பாவம், வாழ்நாள் பூரா மேய்ஞ்சிக்கிட்டே இருக்கு. ஓடவே விடமாட்டேங்கிறான்."

இன்றைக்கும் என்னை ஊரில் சிலர் 'புல்லுக்கட்டு' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

அவள் வரைந்தது எல்க் மான் தோலில். மலையிலிருந்து தோண்டிக் கொண்டுவந்த மண்ணை அரைத்துக் குழைத்து, எலும்புத் துண்டால் தீட்டுவாள். வாங்க வருகிற வெள்ளைக்காரர்கள் காட்டெருமை வேட்டைதான் கேட்பார்கள். இவள் பெட்ரோல் பங்க் வரைவாள், சூதாட்டக் கூடத்து வாசலில் சக்கர நாற்காலிகள் வரிசையாக நிற்பதை வரைவாள், சிறுநீரகச் சுத்திகரிப்புக்குப் போகிற வேனை வரைவாள். ரொம்பக் கெஞ்சினால் காட்டெருமையும் வரைவாள். அது வாங்குகிறவருக்குப் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும்.

இதெல்லாம் ஊருக்குத் தெரிந்த அல்மீடா. வீட்டில் வேறு ஒன்று உண்டு. அவளை வளர்த்தது அவளுடைய அம்மாவைப் பெற்றவள். எட்டு வயதில் அரசாங்க விடுதிப் பள்ளிக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். அங்கே இருக்கும்போது அந்தப் பாட்டி செத்துப்போனாள். இவளுக்குச் சொன்னது அடக்கம் முடிந்து ஆறு வாரம் கழித்து. கிழவியான பிறகும் அதைச் சொல்லும்போது குரல் மாறிவிடும். "என் காக்கு என்னைப் பாக்க வரவே இல்ல. கடைசி நாள்ல வருவா. வந்து கூட்டிக்கிட்டுப் போவா" என்பாள்.

எங்கள் மொழியில் அம்மாவைப் பெற்றவள் காக்கு. அந்தக் காக்குவுக்கு, மகள் வயிற்றுப் பிள்ளையும் காக்குதான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் ஒரே சொல்லால் கூப்பிட்டுக்கொள்வார்கள். பெரியம்மாவின் ஒரே மகள் சர்க்கரை நோயில் போய்விட்டாள். அவள் விட்டுப்போன குழந்தை டேனெல்லை இவள்தான் வளர்த்தாள். அந்த வீட்டில் நாள் முழுக்கக் கேட்கிற சத்தம் இதுதான்: உள்ளேயிருந்து ஒரு காக்கு, வெளியேயிருந்து ஒரு காக்கு. டேனெல் இப்போது மலைக்கு அந்தப் பக்கம் ராக் ஸ்பிரிங்ஸில் நர்ஸ் படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமைதான் வருவதாக இருந்தது.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது பன்னிரண்டரை. ஆரஞ்சு வேலைச் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. அறை வாசலில் பெரியம்மாவின் தம்பி எல்வுட் மாமா நின்றுகொண்டிருந்தார். ஊரில் மொழி முழுசாகத் தெரிந்த நாலைந்து பேரில் ஒருவர். எப்போதும் வாயில் ஒரு கேலி இருக்கும். அன்றைக்கு இல்லை.

"மூளையில ரத்தக் கட்டுன்னு சொல்றாங்க. வலது பக்கம் பூரா போச்சு. இங்கிலீஷும் போச்சுடா. ஒரு சொல்லு இங்கிலீஷ் வரல. நம்ம மொழிதான் மிஞ்சியிருக்கு, அதுலயும் நாலே நாலு சொல்லு."

"என்ன சொல்றா?"

மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "காக்குங்கிறா. குளிருதுங்கிறா. செம்மண்ணுங்கிறா. வழிங்கிறா. அவ்வளவுதான், திரும்பத் திரும்ப."

எங்கள் குடும்பத்தில் செத்தவர் முகத்தில் கொஞ்சம் செம்மண் பூசித்தான் அனுப்புவது.

"அவ காக்கு வந்துட்டாடா. இத்தனை வருஷம் காத்துக்கிட்டிருந்தாளே. செம்மண்ணைப் பூசுங்க, வழியை விடுங்கன்னு கேக்குறா. நான் எல்லாருக்கும் சொல்லிட்டேன். பொம்பளைங்க சமையலை ஆரம்பிச்சிட்டாங்க."

உள்ளே போனேன். பெரியம்மாவைப் பார்த்தால் போகிறவள் மாதிரி இல்லை. வாய் ஒரு பக்கம் தொங்கிப்போயிருந்தது, ஆனால் கண் எரிந்துகொண்டிருந்தது. மாமா கட்டிலோரம் உட்கார்ந்து, பழைய பிரார்த்தனைப் பாட்டைத் தாழ்ந்த குரலில் பாடத் தொடங்கினார். அவள் இடது கையால் அவரைத் தள்ளினாள். அவர் அந்தக் கையைப் பிடித்து முத்தமிட்டார். அவள் கையை உருவி மறுபடி தள்ளினாள், வாசல் பக்கமாக.

"வழியை விட்டுட்டோம்க்கா. நாங்க தடுக்கமாட்டோம்" என்றார் மாமா. "பயப்படாதே. உன் காக்குகூடப் போ."

அதைக் கேட்டதும் அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை இல்லை. பள்ளிக்கூடத்தில் பின்பெஞ்சில் எவனாவது தப்பான பதிலைச் சொன்னால் அவளிடமிருந்து வரும் அதே உறுமல். நாங்கள் எவ்வளவுக்கு எவ்வளவு ஆறுதல் சொன்னோமோ அவ்வளவுக்கு அவ்வளவு அவள் துடித்தாள். கையில் குத்தியிருந்த குழாயைப் பிய்த்துக்கொள்ளப் பார்த்தாள். நர்ஸம்மா உள்ளே வந்தாள்.

"இப்படி அலட்டிக்கிட்டா ரத்த அழுத்தம் ஏறிடும். தூங்க ஊசி போட்டுடறேன்."

"போடுங்கம்மா. நிம்மதியாப் போகட்டும்" என்றார் மாமா.

நர்ஸம்மா மருந்தெடுக்கத் திரும்பினாள். அப்போது பெரியம்மா என் சட்டையைப் பிடித்தாள். சட்டையை என்றால் துணியை இல்லை. வெளிச்சத்தில் மின்னுகிற அந்த வெள்ளைப் பட்டையை, சாலை வேலைக்காரன் என்று காட்டுகிற பட்டையைப் பிடித்து இழுத்தாள். இழுத்துச் சொன்னாள், "காக்கு!"

எனக்கு மொழி அரைகுறை. மாமா போல அதன் ஆழமெல்லாம் தெரியாது. எனக்குத் தெரிந்த காக்கு ஒன்றே ஒன்றுதான். சாப்பாடு ஆறுகிறது, இன்னும் வெளியே என்ன விளையாட்டு என்று சமையலறைக் கதவைத் திறந்து பெரியம்மா போடுகிற அதட்டல். இப்போது அவள் சொன்னது அதே குரலில். செத்துப்போன பாட்டியை, அதுவும் எழுபது வருஷமாக எதிர்பார்த்த பாட்டியை, எவளாவது இப்படி அதட்டிக் கூப்பிடுவாளா?

"மாமா, டேனெல் எங்க?"

"அவ ராக் ஸ்பிரிங்ஸ்ல. வெள்ளிக்கிழமைதானே வருவா. சேதி சொல்லலாம்னு கூப்பிட்டேன், போன் கிடைக்கல."

"டவுன்ல இருந்தா எப்படிக் கிடைக்காம போகும்? பெரியம்மா போன் எங்க?"

அது அவர் பையில்தான் இருந்தது. வாங்கித் திறந்தேன். கடைசியாக வந்த அழைப்பு காலை எட்டு மணி ஏழு நிமிஷத்துக்கு. நாலு நிமிஷம். பேர் போட்டிருந்தது: காக்கு.

மாமாவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். முகம் வெளிறிப்போனது.

"செம்மண்ணுன்னா..." என்று இழுத்தார்.

"முகத்துக்குப் பூசுறது இல்ல மாமா. செம்மண் திருப்பம். மலை மேல பெரியம்மா மண்ணு தோண்டுற இடம். அங்க அந்தப் புள்ள குளிர்ல கிடக்கு."

பெரியம்மா என் சட்டையை விட்டாள். தலையணையில் சாய்ந்தாள். முதல் தடவையாகக் கையைத் தளர்த்தி வைத்தாள். ஆனால் கண்ணை மூடவில்லை. என்னையே பார்த்தாள். போடா என்கிற பார்வை.

நர்ஸம்மா ஊசியோடு நின்றாள். "போடட்டுமா, வேண்டாமா?"

"வேண்டாம்மா" என்றார் மாமா. அப்புறம் யாரிடமும் இல்லாமல், "இந்த ஊர்ல மொழி தெரிஞ்சவன்னு என்னைத்தான் கூப்பிடுறாங்க" என்றார்.

செம்மண் திருப்பம் என்பது நாங்கள் வைத்த பெயர். பிரதான சாலையிலிருந்து இருநூறு அடி உள்ளே தள்ளி, சிவப்பு மேட்டுக்குப் பின்னால் ஒரு வண்டி நிற்கிற இடம். காற்றுக்கு மறைவு. அதனாலேயே சாலையில் போகிறவன் கண்ணுக்கும் மறைவு. காலையில் நான் அதைத் தாண்டித்தான் போனேன். தாண்டித்தான் திரும்பினேன்.

ஷெட்டில் ரஸ் சாவியைத் தரமாட்டேன் என்றான். "மணிக்கு அறுபது மைல் காத்துடா. நீயே கவுந்தேன்னா உன்னை யாரு போய் எடுக்கிறது? அதுவும் காலையில நீதானே ஒண்ணும் இல்லேன்னே?"

"நான்தான் சொன்னேன். அதனாலதான் நான் போறேன்."

"அந்தப் பொண்ணு அங்கதான் இருக்கான்னு உனக்கு யாரு சொன்னது?"

பேச்சுப் போன ஒரு கிழவி நாலு சொல்லு சொன்னாள் என்று அவனிடம் எப்படிச் சொல்வது? "அவ பாட்டி சொன்னாங்க" என்றேன். ரஸ் பெரியம்மாவிடம் படித்தவன் இல்லை, ஆனால் அவன் பெண்டாட்டி படித்தவள். சாவியைத் தூக்கி என் மேல் எறிந்தான். பின்னாலேயே இன்னொரு லாரியில் தானும் ஏறினான். "புல்லுக்கட்டு, மெதுவாப் போ. உன் விளக்கைப் பாத்துத்தான் நான் வரணும்."

அந்த ஏற்றத்துக்கு நல்ல நாளில் முப்பத்தைந்து நிமிஷம். அன்றைக்கு இரண்டே முக்கால் மணி நேரம். பாதி தூரம் கதவைத் திறந்து தலையை வெளியே நீட்டி, சாலையோரக் கம்பங்களை எண்ணிக்கொண்டே ஓட்டினேன். மனசில் கணக்கு வேறு ஓடியது. ஒன்பதுக்கு அங்கே நின்றிருந்தால் இப்போது ஏழு மணி நேரம். ஹீட்டருக்காக எஞ்சினைப் போட்டிருப்பாள். புகைக்குழாயைப் பனி மூடியிருந்தால் உள்ளேயே தூங்கிப்போயிருப்பாள். எஞ்சினை அணைத்திருந்தால் குளிர். எதைச் செய்திருந்தாலும் செத்திருப்பாள் என்றே என் கணக்கு முடிந்தது. மறுபடி முதலிலிருந்து போட்டேன்.

திருப்பத்தில் கார் இல்லை. ஒரு வெள்ளை மேடுதான் இருந்தது. ரஸ்தான் முதலில் பார்த்தான், மேட்டிலிருந்து ஒரு சிவப்புத் துணி நுனி. ஜன்னல் இடுக்கில் மாட்டிவைத்த கழுத்துத் துண்டு. இரண்டு பேரும் மண்வெட்டியால் தோண்டினோம். என் மண்வெட்டி கண்ணாடியில் இடித்தது. உள்ளே போர்வைக் குவியல். அசையவில்லை. கண்ணாடியைத் தட்டினேன். அசையவில்லை. "டேனெல்!" என்று கத்தினேன். காற்று என் சத்தத்தை எனக்கே கேட்கவிடவில்லை.

போர்வைக்குள்ளிருந்து ஒரு மூக்கு வந்தது.

கதவைப் பிளந்து லாரிக்குத் தூக்கிப் போனோம். உதடு நீலம். விரல் நுனிகள் மெழுகு மாதிரி. பல் கிட்டிக்கொண்டு, முதலில் பேச்சு வரவில்லை. ஹீட்டர் முன்னால் பத்து நிமிஷம் இருந்தபிறகு வந்த முதல் பேச்சு இது:

"மாமா... காலையில உங்க லாரிதானே போச்சு? ரெண்டு தடவை. ஹாரன் அடிச்சு அடிச்சு பாட்டரி போச்சு. உள்ள பாட்டு கேட்டுக்கிட்டிருந்தீங்களா?"

கேலியாகத்தான் கேட்டாள். ஹீட்டரை இன்னும் கூட்டினேன். காலையில் லாரியில் பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது.

கீழே இறங்கும்போது அவளே பேசிக்கொண்டு வந்தாள். பரீட்சையைத் தள்ளிவைத்துவிட்டார்களாம். சொல்லாமல் வந்து பாட்டியைத் திடுக்கிட வைக்க நினைத்தாளாம். மலையடி பெட்ரோல் பங்கில் பனி தொடங்கியதும் பயம் வந்து, போனில் சொல்லிவிட்டாளாம். "மேல மோசமா இருந்தா செம்மண் திருப்பத்துல ஒதுங்கிடுறேன், குளிருக்குப் போர்வை இருக்குன்னு சொன்னேன். காக்கு திட்ட ஆரம்பிச்சா. பாதித் திட்டுல கட் ஆயிடுச்சு. ஹலோ ஹலோன்னு கத்தினேன். டவர் இல்லைன்னு விட்டுட்டேன்."

நான் சாலையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பாதித் திட்டில் போனது டவர் இல்லை என்று எனக்கு அப்போது புரிந்தது.

"காக்குவே உங்களுக்குப் போன் பண்ணிச் சொன்னாளா மாமா?"

"அவதான் சொன்னா" என்றேன். ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்பதைக் கடைசி வளைவில் சொன்னேன். எத்தனை மணிக்கு விழுந்தாள் என்று சொல்லவில்லை.

ஆறரை மணிக்கு அந்த அறைக்குள் நுழைந்தால் பாதி ஊர் அங்கே இருந்தது. துக்கத்துக்கென்று சமைத்த மாட்டிறைச்சிக் குழம்பும் பொரித்த ரொட்டியும் பாத்திரம் பாத்திரமாக ஜன்னல் திட்டில் ஆறிக்கொண்டிருந்தன. டேனெல்லைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்ததும் பேச்சு நின்றது. பெரியம்மா அவளைப் பார்த்தாள். இடது கையை நீட்டினாள். அவள் குனிந்ததும் காதைப் பிடித்துத் திருகினாள். நல்ல திருகல். டேனெல் "ஆ" என்று கத்தினாள். அப்புறம் பெரியம்மா அந்தக் கையை எடுக்கவே இல்லை, காதிலிருந்து கன்னத்துக்கு, கன்னத்திலிருந்து தலைக்கு.

சாவுச் சாப்பாட்டை என்ன செய்வது என்று பொம்பளைகள் விழித்தார்கள். பெரியம்மாவுக்கு விழுங்க வரவில்லை. "செத்தவளைத் தவிர எல்லாரும் சாப்பிடுங்க" என்றார் எல்வுட் மாமா. அன்றைக்கு அவர் சொன்ன முதல் கேலி அது. சிரித்தவர்களில் பெரியம்மாவும் உண்டு, பாதி வாயால்.

அதற்குப் பிறகு பதினான்கு மாதம் இருந்தாள். இங்கிலீஷ் திரும்பி வரவே இல்லை. எங்கள் மொழி மெதுவாகத் திரும்பியது. டேனெல்லுக்கும் என்னைவிடக் குறைவாகத்தான் மொழி தெரியும்; ஊரில் யார் பேச வந்தாலும் எல்வுட் மாமாதான் நடுவில் உட்கார்ந்து மாற்றிச் சொல்லவேண்டும். தினமும் காலையில் வந்துவிடுவார், சம்பளமில்லாத உத்தியோகம் மாதிரி. இடது கையால் வரையப் பழகினாள். கோடுகள் கோணின. என்னைப் பார்த்தால் தாளில் ஒரு குதிரை போட்டு, அதன் காலில் புல்லைப் போட்டுக் காட்டுவாள்.

டேனெல்லுக்கு இரண்டு விரல் நுனிகள் போயின. படிப்பை விடவில்லை. ஆனால் போன் என்றால் எல்லாவற்றையும் சேர்த்துவைத்திருக்கும், நாளும் நேரமும். அதை அவள் ஏப்ரல் மாதம் பார்த்திருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் கேட்டிருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறையில் நாங்கள் நாலு பேரும் இருக்கும்போது திடீரென்று எல்வுட் மாமாவைப் பார்த்துக் கேட்டாள்.

"சின்னத் தாத்தா, அவகிட்டக் கேளுங்க. நான் சொன்னதைக் கேட்டுத்தான் விழுந்தாளா? நான் போன் பண்ணாம இருந்திருந்தா?"

நான் கையில் இருந்த காப்பியைக் கீழே வைத்தேன். மாமா எந்தக் கேலியும் செய்யாமல் அதைப் பெரியம்மாவிடம் சொன்னார். பெரியம்மா டேனெல்லைப் பார்த்தாள். பேசத் தொடங்கினாள். நெடு நேரம் பேசினாள். நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கி மறுபடி பேசினாள். மாமா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்தபிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"என்ன சொன்னா?" என்றாள் டேனெல்.

"உன் போன் வந்ததாலதான் நாற்காலியில உட்காந்தாளாம். இல்லேன்னா அடுப்புகிட்ட நின்னுக்கிட்டிருப்பாளாம். எப்படியும் விழறதுதான், நெருப்பு மேல விழுந்திருப்பா. அந்த மட்டுக்கு நீ கூப்பிட்டதே நல்லதுங்கிறா."

"இவ்வளவு நேரம் பேசினாளே, இவ்வளவுதானா?"

"மீதியெல்லாம் உன் தலைமுடியைப் பத்தி. அந்தச் சாயம் கண்றாவியா இருக்காம்."

டேனெல் சிரித்துக்கொண்டே அழுதாள். பெரியம்மாவின் மடியில் தலையை வைத்துக்கொண்டாள். அவள் முதுகு தளர்ந்ததை நான் பார்த்தேன், ஜனவரியிலிருந்து முதல் தடவையாக.

எனக்குத் தெரிந்த மொழி அரைகுறைதான். ஆனால் நாற்காலி என்ற சொல் தெரியும், நெருப்பு என்ற சொல்லும் தெரியும். பெரியம்மா பேசியதில் அந்த இரண்டும் வரவில்லை. எல்வுட் மாமா என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் காப்பியைக் குடித்தேன். அவரிடம் அதைப் பற்றி நான் கேட்கவே இல்லை.